பாஸ் புத்தகத்தில் புரியாத பிடித்தமா? இனங்கண்டு நிறுத்தும் முறை

வயலில் இலை மஞ்சளாகிறது என்றவுடன் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம் என்று உழவர் பெருமக்களிடம் நாங்கள் அடிக்கடி கூறுவதுண்டு. தழைச்சத்து குறைந்தாலும் இலை மஞ்சளாகும். வடிகாலின்றி நீர் தேங்கினாலும் மஞ்சளாகும். நெல்லில் துங்ரோ நோய் கண்டாலும் மஞ்சளாகும். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. காரணம் அறியாமல் தெளித்த மருந்தால் காசும் வீண், பயிருக்கும் கேடு.

வங்கியின் பாஸ் புத்தகத்தில் காணப்படும் புரியாத பிடித்தங்களும் இத்தகையனவே. ஒரே பக்கத்தில் உள்ள மூன்று பற்றுகளில் ஒன்று நாமே கேட்டுச் சேர்ந்த காப்பீடாக இருக்கலாம். மற்றொன்று வங்கியின் சேவைக் கட்டணமாக இருக்கலாம். இன்னொன்று கைப்பேசியில் உள்ள ஏதோ ஒரு மென்பொருளுக்கு மாதந்தோறும் செல்லும் சந்தாவாக இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிந்து, வேண்டாததை மட்டும் நிறுத்தும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

ஓர் உழவரின் அனுபவம்

அண்மையில் பயிற்சிக்கு வந்திருந்த நெல் விவசாயி ஒருவர் இடைவேளையில் தம் பாஸ் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். எட்டு மாதங்களாகப் பதிவு போடாமல் வைத்திருந்து, பி.எம். கிசான் தவணை வந்துவிட்டதா என்று பார்க்கச் சென்றபோது பதிவு போட்டிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் 14ஆம் நாள் 199 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தது. எட்டு மாதத்திற்கு 1,592 ரூபாய். அத்துடன் 17 ரூபாய் 70 காசு இரண்டு முறையும், மே மாத இறுதியில் 20 ரூபாயும் 436 ரூபாயும் கழிந்திருந்தன.

"எவனோ கணக்குல புகுந்துட்டான் சார். நாளைக்கே மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுத்து எல்லாப் பிடித்தத்தையும் நிறுத்தப் போறேன்" என்றார்.

அவ்வாறு எழுதிக் கொடுத்திருந்தால் அவருடைய குடும்பத்திற்குப் பெரும் இழப்பு நேர்ந்திருக்கும். 20 ரூபாயும் 436 ரூபாயும் அவரே கையொப்பமிட்டுச் சேர்ந்த இரு காப்பீடுகளின் பிரிமியம். 17 ரூபாய் 70 காசு வங்கியின் குறுஞ்செய்திக் கட்டணம். 199 ரூபாய் மட்டுமே களை. களையெடுக்கப் போய்ப் பயிரையும் சேர்த்துப் பிடுங்க இருந்தார் அவர்.

பதிவில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு பற்றிலும் நான்கு செய்திகள் உண்டு. அவை நாள், தொகை, விவரம், குறிப்பு எண் ஆகும். பெரும்பாலோர் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகின்றனர். ஆனால் விவரப் பகுதியில் ஆங்கில எழுத்துகளில் அச்சாகும் சுருக்கச் சொற்கள்தாம் பணம் எவ்வழியே சென்றது என்பதைக் காட்டுகின்றன. அவற்றுள் முக்கியமானவை வருமாறு.

யு.பி.ஐ. - கைப்பேசிச் செயலி வழியே சென்ற பணம். இதனுடன் 12 இலக்கக் குறிப்பு எண்ணும், பணம் பெற்றவரின் பெயரும் இருக்கும். வங்கியில் விசாரிக்க இந்த 12 இலக்க எண்ணே தேவைப்படும்.

ஏ.சி.எச். அல்லது நாச் - கடன் தவணை, காப்பீட்டு பிரிமியம் போன்றவற்றிற்கு முன்கூட்டியே நாம் அளித்த இசைவின்படி தானாகப் பிடிக்கப்படும் பணம்.

எஸ்.ஐ. - குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட தொகையைச் செலுத்துமாறு வங்கிக்கு நாம் அளித்த நிலையான அறிவுரை.

பி.ஓ.எஸ். அல்லது இகாம் - ஏ.டி.எம். அட்டையைக் கடையிலோ இணையத்திலோ பயன்படுத்திச் செலுத்திய பணம்.

எஸ்.எம்.எஸ்., சி.எச்.ஜி. - வங்கியே எடுத்துக்கொண்ட கட்டணம்.

விவரத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாவிடில், பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தாளில் எழுதச் செய்யுங்கள். பாஸ் புத்தகத்தில் இடம் போதாமல் பெயர் பாதியில் நின்றிருந்தால், வங்கியில் அந்த மாதத்திற்கு மட்டும் முழுக் கணக்கு அறிக்கை கேளுங்கள்.

நாமே இசைந்த பிடித்தங்கள்

பலருடைய கணக்கில் காணப்படும் 'மர்மப் பிடித்தம்' உண்மையில் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களின் தொகையே ஆகும். கணக்குத் தொடங்கும் நாளில் பல தாள்களில் கையொப்பமிட்டிருப்போம், பின்னர் மறந்திருப்போம். இத்தொகைகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

(1) பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா: ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறக்க நேர்ந்தால் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாய். 2022 ஜூன் மாதத்திற்கு முன் இது 12 ரூபாயாக இருந்தது.

(2) பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனா: ஆண்டுக்கு 436 ரூபாய். எக்காரணத்தால் இறப்பு நேர்ந்தாலும் 2 லட்சம் ரூபாய். 2022 ஜூன் மாதத்திற்கு முன் 330 ரூபாய். ஆண்டின் இடையில் சேர்ந்தவர்களுக்கு முதல் முறை 342, 228 அல்லது 114 ரூபாய் எனக் குறைவாகப் பிடிக்கப்பட்டிருக்கும்.

(3) அடல் ஓய்வூதியத் திட்டம்: சேர்ந்த வயதையும் தேர்ந்தெடுத்த ஓய்வூதியத்தையும் பொறுத்து மாதம் 42 ரூபாய் முதல் 1,454 ரூபாய் வரை. மாதத் தொகையாகவோ, மூன்று அல்லது ஆறு மாதங்களுக்கு ஒரு முறையோ பிடிக்கப்படும்.

(4) பிரதம மந்திரி கிசான் மான்தன் ஓய்வூதியத் திட்டம்: சிறு, குறு உழவர்களுக்கு உரியது. சேர்ந்த வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய்.

முதல் இரு காப்பீடுகளுக்கும் ஆண்டு என்பது ஜூன் 1 முதல் மே 31 வரை. அடுத்த ஆண்டுக்கான பிரிமியம் மே மாத இறுதி வாரத்தில் பிடிக்கப்படும். அந்நாளில் கணக்கில் போதிய இருப்பு இல்லையெனில் காப்பீடு நின்றுவிடும். இங்குதான் சிறிய சந்தா பெரிய தீங்கு செய்கிறது. பயன்படுத்தாத ஒரு மென்பொருளுக்கு 14ஆம் நாள் 199 ரூபாய் போய்விட்டால், மாத இறுதியில் 436 ரூபாய்க்கு இருப்பு இல்லாமற்போகலாம். அப்போது 199 ரூபாயோடு 2 லட்ச ரூபாய்ப் பாதுகாப்பும் சேர்ந்து போய்விடுகிறது.

வங்கியின் சேவைக் கட்டணம்

வங்கி எடுக்கும் கட்டணத்தை இனங்காண எளிய கணக்கு ஒன்று உண்டு. இக்கட்டணங்களுக்கு 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேர்க்கப்படுகிறது. ஆகவே பிடித்த தொகையை 100ஆல் பெருக்கி 118ஆல் வகுத்துப் பாருங்கள். விடை முழு எண்ணாக வந்தால் அது பெரும்பாலும் சேவைக் கட்டணமே. 17 ரூபாய் 70 காசை இவ்வாறு வகுத்தால் 15 ரூபாய் வரும். அதாவது கட்டணம் 15 ரூபாய், வரி 2 ரூபாய் 70 காசு. அதுபோலவே 236 ரூபாய் என்பது 200 ரூபாய்க் கட்டணமும் 36 ரூபாய் வரியும் ஆகும்.

199 ரூபாயை இவ்வாறு வகுத்தால் முழு எண் கிடைக்காது. அதனால் மட்டுமே ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்றாலும், வேறு இடத்தில் தேட வேண்டும் என்பதற்கு அது ஓர் அறிகுறி. 99, 149, 199, 299, 499 என ஒன்பதில் முடியும் தொகை மாதந்தோறும் ஒரே நாளில் கழிந்தால், முதலில் சந்தாவையே ஐயுற வேண்டும்.

மென்பொருள் சந்தா எவ்வாறு நுழைகிறது?

கைப்பேசியில் நாம் இறக்கும் செயலிகளுள் பல, "மூன்று நாள் இலவசம்", "ஏழு நாள் இலவசம்" என்று அழைக்கின்றன. இலவச நாள் முடிந்தபின் சந்தா தொடங்கும் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். இலவசத்தைப் பெறவே யு.பி.ஐ. பின் எண் கேட்கப்படும். அப்போது ஒன்றிரண்டு ரூபாய் மட்டும் பிடிக்கப்படலாம். சில வேளைகளில் ஒன்றுமே பிடிக்கப்படாது. ஆனால் அந்தப் பின் எண்ணை அழுத்தியதன் மூலம், இனி மாதந்தோறும் எடுத்துக்கொள்ளலாம் என்று நாம் இசைவு அளித்துவிடுகிறோம். இதற்கு ஆட்டோபே என்று பெயர். இந்திய தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் யு.பி.ஐ.யில் இவ்வசதியை 2020ஆம் ஆண்டு ஏற்படுத்தியது. மின் கட்டணம், காப்பீடு போன்றவற்றைத் தவறாமல் செலுத்த இது பயனுள்ள வசதியே. ஒரு முறை இசைவு பதிவாகிவிட்டால், 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் பின் எண் கேட்க வேண்டியதில்லை என்று 2022 ஜூன் மாதத்தில் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஆகவே "நான் பின் எண்ணே போடவில்லையே, பணம் எப்படிப் போயிற்று?" என்ற கேள்விக்கு விடை, பல மாதங்களுக்கு முன் போட்ட ஒரே பின் எண்ணில் உள்ளது.

பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. நிறுவனத்தின் பெயர், தொகை, நாள் ஆகியன அதில் இருக்கும். விளம்பரச் செய்திகளோடு ஆங்கிலத்தில் வந்து கிடப்பதால் நாம் அதைத் திறப்பதில்லை. பழைய குறுஞ்செய்திகளில் தேடினால் பெரும்பாலும் இவ்வறிவிப்பு கிடைத்துவிடும்.

பெயரால் ஏற்படும் குழப்பங்கள் இரண்டு. முதலாவது, கூகுள் பே என்பதும் கூகுள் பிளே என்பதும் வேறு வேறு. கூகுள் பே பணம் அனுப்பும் செயலி. கூகுள் பிளே, செயலிகள் விற்கும் அங்காடி. பதிவில் கூகுள் பிளே என்று இருந்தால், அந்த அங்காடி வழியே யாரோ ஒரு செயலிக்குச் சந்தா கட்டப்படுகிறது என்று பொருள்.

இரண்டாவது, பதிவில் உள்ள பெயர் செயலியின் பெயராக இல்லாமல் இருக்கலாம். ரேசர்பே, பேயூ, கேஷ்ஃபிரீ போன்ற பெயர்கள் காணப்படலாம். இவை, பல வணிகர்களுக்காகப் பணத்தைப் பெற்று உரியவருக்குச் சேர்க்கும் இடைநிலை நிறுவனங்கள். கமிஷன் மண்டியில் சீட்டு மண்டியின் பெயரில்தான் இருக்கும். நம் காயை வாங்கிச் சென்ற வியாபாரியின் பெயர் அதில் இராது. அது போன்றதே இதுவும். எனவே அப்பெயரைக் கண்டவுடன் மோசடி என்று முடிவு செய்ய வேண்டாம். பணம் இறுதியில் எந்தச் செயலிக்குச் சென்றது என்று மேலும் தேட வேண்டும்.

நாம் முன்னர் கூறிய உழவரின் பதிவில் கூகுள் பிளே என்றே இருந்தது. கூகுள் பே பயன்படுத்துவதற்கான கட்டணம் என அவர் எண்ணியிருந்தார். அவருடைய கைப்பேசியில் அங்காடியைத் திறந்து சந்தாப் பட்டியலைப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. பின்னர்தான் அக்கைப்பேசியில் அவருடைய மகனின் மின்னஞ்சல் கணக்கும் இருப்பது தெரிந்தது. அதற்கு மாற்றிப் பார்த்தபோது, தாள்களைப் படமெடுத்து அனுப்பும் ஒரு செயலியின் சந்தா காணப்பட்டது. பயிர்க் காப்பீட்டிற்காகச் சிட்டாவையும் அடங்கலையும் படமெடுக்க மகன் அதை இறக்கியிருக்கிறார். மூன்று நாள் இலவசம் என்று வந்தபோது தந்தையே பின் எண்ணை அழுத்தியிருக்கிறார். வேலை முடிந்ததும் செயலியை நீக்கிவிட்டார்கள். சந்தா மட்டும் எட்டு மாதம் ஓடியிருக்கிறது.

செயலியை நீக்கினால் சந்தா நிற்காது

உழவர் பெருமக்கள் முக்கியமாக மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே. கோரையை மேலாகச் செதுக்கினால் வயல் சுத்தமாகத் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். சில நாட்களில் மீண்டும் தலைகாட்டும். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குவதும் அப்படியே. சந்தா, அங்காடியில் உள்ள நம் கணக்கிலும், யு.பி.ஐ. இசைவிலும் உயிருடன் இருக்கும். ஆகவே கீழ்க்கண்ட வரிசையில் நிறுத்த வேண்டும்.

(1) பிளே ஸ்டோரைத் திறந்து, வலப்புற மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொடவும். பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்ற பகுதியில் சந்தாப் பட்டியல் இருக்கும். வேண்டாத சந்தாவைத் தேர்ந்து ரத்து செய்யவும். கைப்பேசியில் எத்தனை மின்னஞ்சல் கணக்குகள் உள்ளனவோ அத்தனைக்கும் தனித்தனியே பார்க்கவும்.

(2) பின்னர் பணம் செலுத்தும் செயலியில் ஆட்டோபே என்ற பகுதிக்குச் செல்லவும். எந்தச் செயலியில் பின் எண் போட்டு இசைவு அளிக்கப்பட்டதோ அதில் முதலில் பார்க்கவும். நிறுவனத்தின் பெயருக்கு எதிரே உள்ள இசைவை ரத்து செய்யவும். ரத்து செய்யப் பின் எண் கேட்கும், அச்சப்பட வேண்டாம்.

(3) அங்காடி வழியே அன்றி, செயலியிலேயே நேராகச் சந்தா கட்டியிருந்தால், அச்செயலியினுள் சென்று ரத்து செய்துவிட்டு இசைவையும் நீக்கவும்.

(4) இவையெல்லாம் முடிந்த பிறகே செயலியை நீக்கவும்.

(5) அடுத்த மாதம் அதே நாளுக்குப் பின் பாஸ் புத்தகத்தில் பதிவு போட்டு, பிடித்தம் நின்றுவிட்டதா எனச் சரிபார்க்கவும்.

பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழியுண்டு. கூகுள் பிளே வழியே கழிந்த பணமாயின், 48 மணி நேரத்திற்குள் அந்த அங்காடியிலேயே விண்ணப்பிக்கலாம். அதன்பின் செயலி நிறுவனத்திடம் கேட்க வேண்டும். வீட்டில் யாரும் செய்யாத செலவு எனில் 120 நாட்களுக்குள் கூகுளிடம் முறையிடலாம். நம் உழவருக்கு விண்ணப்பித்த பின் கடைசி மாதத் தொகை மட்டும் திரும்ப வந்தது. மற்ற ஏழு மாதத் தொகை வரவில்லை. காலம் கடந்து பார்த்ததன் விலை அது.

தெரியாமல் சந்தாவில் சிக்க வைப்பதும், வெளியேறும் வழியை மறைப்பதும் முறையற்றவை என்பதைச் சட்டமும் ஏற்றுள்ளது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகளில் விலக்கப்பட்ட 13 தந்திரங்களுள் 'சந்தாப் பொறி'யும் ஒன்று.

எதிலும் சேராத பிடித்தம் எனில்

மேற்கூறிய எவ்வகையிலும் சேராத, வீட்டில் யாருக்கும் தெரியாத பற்று காணப்பட்டால் காலந்தாழ்த்தக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் புகார் அளிக்கவும். வங்கிக்குச் சென்று அட்டையையும் யு.பி.ஐ.யையும் தற்காலிகமாக முடக்கச் செய்யவும். பற்றின் நாள், தொகை, குறிப்பு எண் ஆகியவற்றைக் குறித்து எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் வங்கி முத்திரையுடன் ஒப்புதல் பெறவும்.

விரைந்து செயல்படுவதற்குக் காரணம் உண்டு. வங்கியின் தவறும் நம் தவறும் இன்றி வெளியாரால் நேர்ந்த இழப்பை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என 2017 ஜூலை 6ஆம் நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை வகுத்தது. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பில் ஒரு பகுதியை நாம் ஏற்க நேரிடும். பின் எண்ணையோ ஓ.டி.பி.யையோ நாமே பிறரிடம் கூறியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேரும் இழப்பு நம்மையே சாரும். தெரிவித்த பின் நேர்வது வங்கியைச் சாரும். எவ்வாறாயினும், தெரிவித்த நேரமே நமக்குக் காவல். முப்பது நாட்களுக்குள் வங்கி தக்க பதில் தராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

இந்நேரத்தில் இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்களை நம்பி அழைக்க வேண்டாம். அவற்றுள் போலிகள் மிகுதி. பாஸ் புத்தகத்திலும் அட்டையின் பின்புறத்திலும் அச்சிட்டுள்ள எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி வேறொரு செயலியை இறக்கச் சொன்னாலோ, பின் எண்ணைப் போடச் சொன்னாலோ இணைப்பைத் துண்டித்து விடுங்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை.

குறிப்பேட்டில் ஒரு பக்கம்

வரவு செலவுக் குறிப்பேடு வைத்திருக்கும் உழவர்கள் அதன் கடைசிப் பக்கத்தில் "தானாகப் பிடிக்கப்படுபவை" என்று தலைப்பிட்டு நான்கு கட்டங்கள் போடவும். எதற்கு, எவ்வளவு, எந்நாளில், எங்கே நிறுத்துவது என்பன அவை. வீட்டில் யார் எங்கே பின் எண் போட்டு இசைவு அளித்தாலும் அன்றே இதில் எழுதிவிட வேண்டும். இலவச நாள் முடியும் தேதியையும் குறித்து, அதற்கு முதல் நாளே ரத்து செய்துவிடலாம். மாதம் ஒரு முறை பதிவு போட்டு, இப்பக்கத்தோடு ஒத்துப் பார்த்தால் போதும்; பத்து நிமிட வேலை. மே மாதம் 25ஆம் நாளுக்குள் காப்பீட்டு பிரிமியத்திற்குப் போதிய இருப்பு உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதம் 199 ரூபாய் என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆண்டுக்கு அது 2,388 ரூபாய். பி.எம். கிசான் திட்டத்தில் வரும் 2,000 ரூபாய்த் தவணை ஒன்றை விட இது அதிகம். எனவே உழவர் பெருமக்கள் புரியாத பிடித்தத்தைக் கண்டால் பதறி எல்லாவற்றையும் நிறுத்திவிடாமலும், சிறு தொகைதானே என்று விட்டுவிடாமலும், முதலில் அது எதுவென்று இனங்கண்டு, வேண்டாததை வேரோடு நீக்கி, வேண்டிய காப்பீட்டைக் காத்துப் பயன்பெற வேண்டுகிறோம்.